கட்டைக்கும் காற்றுக்கும் நடுவே

ஹார்மோனியப் பெட்டியில் கப்ளர் என்றொரு குமிழ் இருக்கும். அதை இழுத்துவிட்டு ஒரு கட்டையை அழுத்தினால், அடுத்த ஸ்தாயியில் அதே ஸ்வரத்தின் கட்டையும் பேய் அழுத்தியதுபோலத் தானாகக் கீழே இறங்கும். விரல் ஒன்று, ஒலி இரண்டு. ஜோலார்பேட்டையில் ரயில்வே குவார்ட்டர்ஸை ஒட்டிய பஜனை மடம் ஒன்றில், மார்கழி விடியலில், பொங்கலுக்காகக் காத்திருந்த பையன்களுக்கு அந்தத் தானாக இறங்கும் கட்டைதான் வேடிக்கை. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். வாசித்தவரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. எப்படி என்று கேட்ட என்னை அவர் விரட்டவில்லை. மேல்பலகையைக் கழற்றிக் காட்டினார். ஒரு கட்டையிலிருந்து கிளம்பிய கம்பி பன்னிரண்டு கட்டை தள்ளி இன்னொன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. "நாக்கு ஒண்ணும் பண்லபா. நடுவுல கீற இந்தக் கம்பிதான் வேலை பண்ணுது" என்றார். ஹார்மோனியத்தில் ஒலி தருகிற பித்தளைத் தகடுதான் நாக்கு.

இசை மென்பொருளில் மிடி எஃபெக்ட் என்றால் என்ன என்று இன்று யாராவது கேட்டால் நான் அந்தக் கம்பியைத்தான் சொல்வேன்.

மிடி என்பது ஒலி இல்லை, வெறும் உத்தரவு. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, அவ்வளவுதான். பியானோவின் நடு ஸட்ஜம் அதற்கு 60-ஆம் எண். அழுத்தின வேகம் 1 முதல் 127 வரை. பூஜ்யம் வேகத்தில் அழுத்தினால் கட்டையை விட்டுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். எக்கோ, ரிவெர்ப் போன்ற எஃபெக்டுகள் பிறந்த ஒலியைப் பிடித்து அதற்குச் சாயம் ஏற்றுகின்றன. மிடி எஃபெக்ட் ஒலி பிறப்பதற்கு முன்பே உத்தரவை வழிமறித்து, மாற்றி அனுப்புகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. சென்னையிலிருந்து வரும் தண்டவாளம் இங்கேதான் பிரிகிறது: ஒரு கிளை குப்பம், பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு, 1864-இல் போட்டது, இன்னொன்று திருப்பத்தூர் வழியாகச் சேலத்துக்கு. ரயில் எந்த ஊருக்குப் போகும் என்பதை இன்ஜினோ பெட்டியின் நிறமோ முடிவு செய்வதில்லை. அதற்குமுன் பாயிண்ட்ஸ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

மாஸ்டரின் பெட்டி பாட்டுக் கச்சேரிக்கு இடம் மாறிய காலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆடி மாதம் வந்தால் ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி என்று அம்மன் கோயில் திருவிழாக்கள், டிசம்பரில் சர்ச் விழாக்கள், நடுவில் கல்யாணங்கள். அவருக்குப் பெரிய தலைவலி கட்டை மாற்றுவது. ஆண் பாடகருக்கு ஒரு கட்டை, இரண்டு கட்டை. அடுத்து மேடையேறும் பெண்ணுக்கு ஐந்தரை. வெள்ளைக்கட்டையில் பழகிய பாட்டை ஐந்தரைக்குத் தூக்கினால் விரலெல்லாம் கறுப்புக்கட்டையில் ஏறி இறங்க வேண்டும். பணமுள்ளவர்கள் ஸ்கேல் சேஞ்சர் ஹார்மோனியம் வாங்கினார்கள். அதில் கட்டைப் பலகையையே நாக்குகளின் மேல் இடவலமாக நகர்த்தலாம். விரல் தான் பழகின இடத்திலேயே வாசிக்கும்; ஒலிமட்டும் வேறு சுருதியில் வரும். இன்று மென்பொருளில் டிரான்ஸ்போசர் என்ற சின்னச் சதுரம் செய்வது இதே வேலை. மாஸ்டர் ஸ்கேல் சேஞ்சரை வாங்கவில்லை. பன்னிரண்டு சுருதியிலும் வாசிக்க விரலையே பழக்கினார். காசில்லாததால் வந்த திறமை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். எனக்கென்னவோ அதில் கொஞ்சம் வீம்பும் கலந்திருந்ததாகவே தோன்றும்.

அப்போது கோடம்பாக்கத்தில் இந்த நடுவேலையை முழுக்க மனிதர்கள் செய்துகொண்டிருந்தார்கள். இளையராஜா காகிதத்தில் ஸ்கோர் எழுதுவார். அதை வாத்தியம் வாத்தியமாகப் பிரித்துப் படியெடுப்பார்கள். வயலின் வரிசை, புல்லாங்குழல், கிட்டார் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். புருஷோத்தமன் போன்றவர்கள் குழுவை நடத்த, விஜி மானுவேல் போன்றவர்கள் கீபோர்டில் உட்கார, இசையமைப்பாளர் மனதில் இருந்த ஒற்றை உத்தரவு முப்பது நாற்பது கைகளில் பிரிந்து ஒலியானது. சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டமான கார்டை உடைத்து ஒவ்வொரு ஸ்வரமாக ஓடவிடுவதை ஆர்பெஜியோ என்பார்கள். ஒரு கிட்டார்க்காரரின் விரல் அதைச் செய்தது. அவர் கை வலித்தால் ஓய்வு கேட்பார். ஜோலார்பேட்டையில் மாஸ்டரோடு நானும் சேர்ந்திருந்த எங்கள் குழுவுக்கு அந்தத் தாள்கள் கிடைக்காது. டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு, நிறுத்தி, திருப்பி, மறுபடி கேட்டு, பேஸ் என்ன போகிறது, பின்னால் வயலின் என்ன சொல்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் ஸரிகம எழுத்தில் எழுதிக்கொள்வோம். ஒரு பாட்டுக்கு ஒரு இரவு போகும். டேப் இழுபட்டுச் சுருதி அரைக்கட்டை இறங்கியிருந்தது தெரியாமல் முழுப் பாட்டையும் தப்பான இடத்தில் பழகி, மேடையில் பாடகர் முறைத்த கதையும் உண்டு.

மிடி பிறந்தது அந்தக் கேசட் காலத்தில்தான். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த 'நாம்' (NAMM) வாத்தியக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் செய்த கீபோர்டையும் ஜப்பானின் ரோலண்ட் செய்த கீபோர்டையும் ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலித்தது. போட்டிக் கம்பெனிகள் இரண்டும் ஒரே பாஷை பேசின என்பதுதான் அதில் பெரிய செய்தி. முன்நின்ற டேவ் ஸ்மித், இகுதாரோ ககேஹாஷி இருவருக்கும் 2013-இல் டெக்னிக்கல் கிராமி கொடுத்தார்கள். ஐந்து ஊசி கொண்ட அந்தக் கம்பியில் விநாடிக்கு 31,250 பிட் ஓடும். ஒரு ஸ்வரத்தை அனுப்ப ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி. பத்து ஸ்வரங்களை ஒரே சமயம் அனுப்பினால் பத்தாவது கொஞ்சம் பிந்திதான் போய்ச் சேரும். கேட்கிற காதுக்கு அது தெரியவே தெரியாது என்று சொல்கிறவர்கள் மேடையில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

தமிழ்நாட்டில் 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தின் இசையைப் பற்றிப் பேசும்போது கம்ப்யூட்டர் இசை என்ற சொல் ஊரெல்லாம் அடிபட்டது. அதே காலத்தில் இளையராஜா குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர் திலீப், பிறகு ஏ. ஆர். ரஹ்மானாகி, 1989-இல் கோடம்பாக்கத்து வீட்டிலேயே பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்து, 1992-இல் 'ரோஜா'வைத் தந்தார். ஜோலார்பேட்டை டீக்கடையில் அந்தப் பாடல்களைக் கேட்ட மாஸ்டர் முதலில் சொன்னது, "ஆளே இல்லியேபா" என்பதுதான். தாளம் துல்லியமாக இருந்தது, ஆனால் அடிக்கிற ஆளின் மூச்சு கேட்கவில்லை என்று அவருக்குப் பட்டது. எங்களுக்கோ அந்தத் துல்லியமே போதையாக இருந்தது.

மேடைக்கு இந்த மாற்றம் பேடு வழியாக வந்தது. ரோலண்டின் ஆக்டோபேட் 1985-இல் வெளியானபோது அதற்குச் சொந்த ஒலியே இல்லை. எட்டு ரப்பர் தட்டுகள், அடித்தால் மிடி உத்தரவு, அவ்வளவுதான். பின்னால் வந்த மாடல்களில் ஒலியும் சேர்ந்தது. தபேலா, பாங்கோஸ், டோலக், தவில் நான்குக்கும் ஒரே ஆள். தோல் பதனிடும் எங்கள் பூமியில் தோல் கருவிகள் இப்படித்தான் ஒதுங்கின. ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும்: ஆம்பூர், வாணியம்பாடித் தோலுக்கும் தவில், பறைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். இல்லை. ஷூவுக்குப் போகிற தோல் பதனிட்டது, மெத்தென்று வளைய வேண்டும். வாத்தியத்துக்கு வேண்டியது பதனிடாத பச்சைத்தோல், விறைத்து நிற்க வேண்டும். பறையைக் கச்சேரிக்கு முன் நெருப்பில் காய்ச்சுவது அந்த விறைப்புக்காகத்தான். பேடுக்கு நெருப்பு தேவையில்லை, கரண்ட் போதும். கரண்ட் போய்விட்டால் ஜெனரேட்டர் கிளம்பும்வரை குழுவில் உயிரோடு இருப்பது ஹார்மோனியம் மட்டும்தான்.

பிறகு ஸ்டைல் கீபோர்டு. இடக்கையில் ஒரு விரல் வைத்தால் முழுக் கார்டும், பேஸும், டிரம்ஸும் தானாக ஓடும். யமஹா இந்திய ஸ்டைல்களும் தபேலாவும் சேர்த்தே நம் சந்தைக்கென்று மாடல்கள் விட்டது. பத்துப் பேர் குழு ஆறானது, ஆறு மூன்றானது. இன்று பல மேடைகளில் பாடகர், பேடு, ஒரு லேப்டாப். வயலின் வாசித்தவர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குப் போனார். தபேலாக்காரர் ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் வரும் தினப்பயணிகளில் ஒருவரானார்.

லேப்டாப்பின் கதையைச் சொல்ல என் அக்கா மகன்தான் சரியான ஆள். இன்ஜினியரிங் மாணவன், பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக ஒரு மேக் வாங்கி, மொட்டைமாடி அறையில் முட்டை அட்டைகளை ஒட்டி ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருக்கிறான். முட்டை அட்டை ஒலியைத் தடுக்காது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஏபிள்டன் லைவ் 2004-இல் நான்காம் பதிப்பில் மிடியையும் மிடி எஃபெக்டுகளையும் சேர்த்தது. ஆப்பிளின் லாஜிக் 2013-இல் பத்தாம் பதிப்பில் இவற்றுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. அதற்குமுன்பும் லாஜிக்கில் இதெல்லாம் செய்ய முடியும், ஆனால் ஸ்விட்ச் போர்டைப் பிரித்து ஒயர் மாட்டுகிற எலெக்ட்ரீஷியன் மனசு வேண்டும். இப்போது வாத்தியத்தின் பெயருக்கு மேலே ஒரு காலிக் கட்டம். அதில் ஆர்பெஜியேட்டரையோ கார்ட் டிரிக்கரையோ செருகினால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரை அந்த மாடிக்கு அழைத்துப் போனேன். வயது எண்பதைத் தொடுகிறது. படியேற இரண்டு இடத்தில் நின்றார். பையன் மூன்று கட்டையைப் பிடித்துக்கொண்டான். ஆர்பெஜியேட்டர் அவற்றை ஒவ்வொன்றாக, பதினாறாம் பங்கு வேகத்தில், கீழிருந்து மேலாக ஓடவிட்டது. மாஸ்டர் அவன் விரலையே பார்த்தார். விரல் அசையவில்லை. "இன்னாடா, கப்ளருக்குக் கால் மொளச்சிகிச்சா?" என்றார்.

பிறகு பையன் நான்கு கட்டையோடு ஐந்தாவதையும் சேர்த்துப் பிடித்தான். ஒரு அடிக்கு நான்காக ஓடும் வேகத்தில் ஐந்து ஸ்வரக் கோவை ஓடினால், முதல் ஸ்வரம் ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில் விழும். ஐந்து அடிக்கு ஒருமுறைதான் அடியோடு சேரும். நான்கு அடி பாரின் தலையில் வந்து விழ ஐந்து பார் ஆகும். பையனுக்கு அது தற்செயலாகக் கிடைத்த அழகு. மாஸ்டர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்து, ஐந்தாவது பார் முடிந்து சமத்தில் விழுந்த இடத்தில் தட்டினார். சதுஸ்ர நடையில் கண்டக் கோவை, தவில்காரர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது விளையாடுகிற கணக்கு. ஆனால் அடியையே ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடை வேண்டுமென்றபோது பையன் மெனுவில் தேடினான். எட்டு, பதினாறு, அவற்றின் மும்மைகள் இருந்தன. ஐந்து இல்லை. வேறு வழியாகச் சுற்றி வளைத்துக் கொண்டுவரலாம். பட்டியலில் மட்டும் இல்லை. யாருக்காகச் செய்த பட்டியல் என்பது அங்கே தெரிந்துவிடுகிறது.

இந்த மிடி எஃபெக்ட் பெட்டிகளை எந்த வரிசையில் அடுக்குகிறோம் என்பதில்தான் வித்தையே இருக்கிறது. கார்ட் முதலில், ஆர்பெஜியேட்டர் பிறகு என்றால் ஒரு விரல் கார்டாகி, கார்டு ஓட்டமாகும். மாற்றி வைத்தால் ஓடுகிற ஒவ்வொரு ஸ்வரமும் தன் முதுகில் ஒரு கார்டைச் சுமந்துகொண்டு ஓடும். இன்னொன்றும் உண்டு. பதிவில் நிற்பது விரல் வாசித்தது மட்டும்தான். பெட்டியைக் கழற்றிவிட்டால் பழைய மூன்று கட்டை அப்படியே இருக்கும். கேசட் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் முதலில் எழுதியதுதான் சரி என்று தெரிந்து தலையில் கைவைத்த எங்களுக்கு, இது ஒன்றுக்காகவே இந்தக் காலத்தில் பிறந்திருக்கலாம் என்று தோன்றும்.

வெலாசிட்டியைக் கலைத்துப் போடும் பெட்டி எனக்குப் பிடிக்கவில்லை. இயந்திரம் வாசித்ததுபோல் இருக்கக் கூடாதென்று, ஒவ்வொரு அடியின் அழுத்தத்தையும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் கூட்டிக் குறைக்கிறார்கள். மனிதன் அப்படிக் குலுக்கிப் போட்டு வாசிப்பதில்லை. எங்கள் தபேலாக்காரர் தீர்மானத்தை நோக்கிப் போகும்போது மட்டும் சற்று ஓடுவார், அதுவும் எப்போதும் ஒரே இடத்தில். அதற்குக் காரணம் இருந்தது: பாடகரின் மூச்சு அங்கே தீரும்.

ஸ்கேல் பெட்டிக்கு வந்தபோதுதான் பேச்சு சூடானது. ராகத்தின் ஸ்வரங்களை அதில் குறித்துவிட்டால், எந்தக் கட்டையைத் தொட்டாலும் ராகத்துக்கு வெளியே போகாது. மோகனத்துக்கு ஐந்து ஸ்வரங்களை வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கையை உருட்டினாலும் தப்பு வராது. மாஸ்டர் கேட்டுவிட்டு, "தப்பு வராது சரி. மோகனம் எங்க?" என்றார். இந்தக் கேள்வி புதிதில்லை. ஆல் இந்தியா ரேடியோ 1940-இல் ஹார்மோனியத்தைத் தடை செய்தபோது சொன்ன காரணங்களில் முக்கியமானது இதுவே: கட்டை நின்ற இடத்தில் நிற்கும், ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகாது, கமகம் பேசாது. 1971 வரை அந்தத் தடை இருந்தது. தன் பெட்டியை ரேடியோ ஏற்காத காலத்தில் தொழில் கற்றவர், அதே குற்றச்சாட்டை என் அக்கா மகனின் பெட்டிமேல் வைத்தார். அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவருக்கு இல்லை.

மிடியில் கமகத்துக்கு வழி இல்லாமல் இல்லை. பிட்ச் பெண்ட் சக்கரத்தில் 16,384 படிகள். பெரும்பாலும் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைஸ்வரம் போகும். கே. சத்யநாராயணன் அந்தச் சக்கரத்தின் துணையோடுதான் கீபோர்டில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிறார். ரஹ்மான் 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டு முடிவில் கட்டைகளே இல்லாத கான்டினுவம் பலகையில் விரலை வழுக்கி வாசித்தார். சக்கரத்தின் குறை, ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரமும் சேர்ந்தே வளைவது. 2018-இல் வந்த எம்.பி.இ. முறை ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சேனல் கொடுத்து அதைத் தீர்த்தது. ஆனால் இதெல்லாம் கை செய்கிற வேலை. நடுவில் உட்கார்ந்திருக்கும் பெட்டி தோடியின் காந்தாரத்தைத் தானாக அசைக்காது. அசைத்தாலும் எந்த ஸ்வரத்திலிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அது தெரிஞ்சா போதுமா தாத்தா?" என்றான் பையன்.

லாஜிக்கில் ஸ்கிரிப்டர் என்றொரு பெட்டி உண்டு. அதில் ஜாவாஸ்கிரிப்டில் நாமே எழுதிக்கொள்ளலாம். கல்லூரியில் இணையதளம் செய்யக் கற்ற அதே பாஷை. மாஸ்டர் ஒரு ராகம் சொன்னார்: பிலஹரி. 'ரா ரா வேணு' ஸ்வரஜதி கற்ற எல்லோருக்கும் தெரிந்தது. ஏறும்போது மத்யமமும் நிஷாதமும் இல்லை. இறங்கும்போது ஏழும் உண்டு. சாதாரண ஸ்கேல் பெட்டிக்கு ஏற்றம் இறக்கம் தெரியாது, ஆகவே பிலஹரியை அதில் அடைக்க முடியாது. பையன் கடைசியாக அழுத்திய கட்டையின் எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லி நாலு வரி எழுதினான். புதுக் கட்டை அதைவிட மேலே என்றால் மத்யமத்தைப் பஞ்சமத்துக்குத் தள்ளு, நிஷாதத்தை ஸட்ஜத்துக்குத் தள்ளு. கீழே என்றால் விட்டுவிடு. ராகத்தில் இல்லாத கறுப்புக்கட்டையை மேலே பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்கட்டைக்கு நகர்த்து. அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கீழே இரண்டு கூட்ஸ் வண்டி போய்விட்டது.

மாஸ்டர் ஒரு கட்டைச் சுருதியில் வாசிக்க உட்கார்ந்தார். ஏறினார், வேண்டுமென்றே மத்யமத்தைத் தொட்டார், பஞ்சமம் ஒலித்தது. இறங்கும்போது தொட்டார், மத்யமமே வந்தது. "பரவால்லியே" என்றார், முதல் முறையாக. பிறகு பஞ்சமத்தைச் சுற்றி ஒரு பிடியை வாசித்தார். கையை எடுத்துவிட்டார். மறுபடி வாசித்தார். முகம் சுருங்கியது.

"இன்னாடா, நான் ஒண்ணு அமுக்கினா அது ஒண்ணு ஊதுது?"

பையன் திரையைப் பார்த்தான். "நீங்க கறுப்பு அழுத்திட்டீங்க தாத்தா. ராகத்துல இல்லாததுன்னு அதைச் சரி பண்ணிடுச்சி."

"அது கைசிகி நிஷாதம்டா. பிலஹரிக்கு அந்நிய ஸ்வரம். வெளியாள்தான், ஆனா வீட்டுக்குள்ள வந்து போற வெளியாள்."

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எப்பல்லாம் வரும்? எங்கேர்ந்து வந்தா உள்ள விடணும்?"

மாஸ்டர் பெட்டியை அணைக்கச் சொன்னார். வெறும் கட்டையில், மெதுவாக, ஒரு பிடி வாசித்துக் காட்டினார். பையன் பென்சிலைத் தேடினான். கிடைக்காமல் செல்போனில் தட்டத் தொடங்கினான். இரண்டாவது பிடி. மூன்றாவது.

"இன்னும் கீது, எழுதிக்கோ" என்று மாஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.